நாலு பேர் சேர்ந்து கிரிப்டிக் குறுக்கெழுத்தை அவிழ்க்க: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி கிரிப்டிக் குறுக்கெழுத்துக்கு மட்டும். 'கடலின் வேறு பெயர் (4)' என்று நேரடியாகக் கேட்கும் வார இதழ்ப் புதிருக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம். குறிப்பு ஒரு கதை சொல்வதுபோல் நடித்து, வேறெங்கோ விடையை ஒளித்து வைக்கும் வகைக்குத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட மூளை தேவைப்படும். கோலாலம்பூரில் வார இறுதியில் கூடும் நாலைந்து பேரை மனத்தில் வைத்து, வரிசை மாறாமல் படிகளைச் சொல்கிறோம். வரிசையை மாற்றினால் என்ன கெடும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

1. கூடுவதற்கு முன்

ஆட்கள் நான்கு முதல் ஆறு. மூவர் என்றால் ஒருவர் களைத்ததும் ஆட்டம் படுத்துவிடும். ஏழாவது ஆள் வந்தால் மேசை இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு குறிப்பைப் பேசத் தொடங்கும்.

புதிரை முந்தைய நாளே போட்டோஸ்டேட் கடையில் கொடுத்துப் பெரிதாக்குங்கள். ஏ4 தாளை ஏ3 ஆக்க 141 சதவீதம். நாளிதழிலிருந்து நேராக வெட்டிய சின்னக் கட்டம் என்றால் 200 சதவீதம்வரை போகலாம். கட்டம் உள்ள பெரிய தாள் ஒன்றே ஒன்று போதும். குறிப்புகள் மட்டும் ஆளுக்கொரு பிரதி வேண்டும், ஏனென்றால் எதிரில் இருப்பவருக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். தலைகீழாகப் படிப்பவர் பத்து நிமிடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்.

2பி பென்சில் இரண்டு, நல்ல அழிப்பான், கிறுக்க வெற்றுத்தாள், பிடிப்புள்ள அட்டை ஒன்று. கூரை விசிறிக்கு அடியில் உட்காரும் ஊரில் அந்த அட்டை கட்டாயம். பேனா வேண்டாம்.

அகராதிக்கு, இன்றைய வழக்குக்கு க்ரியா தற்காலத் தமிழ் அகராதி, பழஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. பேரகராதியை இணையத்தில் தேடலாம், கைப்பேசி போதும்.

இடம்: பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மாமாக் கடை என்றால் மதியச் சோற்றுக் கூட்டம் கலைந்த பிறகு, பிற்பகல் 3 மணிக்கு மேல். கே.எல். சென்ட்ரலில் ரயில் மாறுகிறவர்களுக்கும் அது வசதி. கால்பந்து ஒளிபரப்பாகும் இரவை விட்டுவிடுங்கள். வெளி மேசை வேண்டாம், மாலை மழை தாளைக் கேட்டுக்கொண்டு வராது. தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குவளைகளுக்கு மேசையின் ஒரு மூலையை ஒதுக்குங்கள். குவளையின் ஈர வட்டம் விழுந்த இடத்தில் பென்சில் எழுதாது, அழித்தால் தாள் கிழியும்.

2. யார் என்ன செய்வது

பென்சில் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு பேர் எழுதினால் எந்த எழுத்து உறுதியானது, எது ஊகம் என்பது அரை மணி நேரத்தில் யாருக்கும் தெரியாமல் போகும்.

இன்னொருவர் குறிப்பை உரக்க வாசிப்பவர். ஒருமுறை கதைபோலவும், மறுமுறை சொல் சொல்லாக நிறுத்தியும் வாசிக்க வேண்டும். இரண்டாவது வாசிப்பில்தான் பெரும்பாலான குறிப்புகள் உடையும். மூன்றாமவர் அகராதி பார்ப்பார். அரை மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். வேகமானவர் கையில் பென்சில் நெடுநேரம் இருந்தால் மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள்.

3. எழுத்தை எண்ணும் முறையை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

புதியவர் தடுக்கி விழும் முதல் இடம் இது. தமிழ்ப் புதிரில் ஒரு கட்டம் என்றால் ஓர் எழுத்து: உயிரோ, மெய்யோ, உயிர்மெய்யோ. 'மரம்' 3 கட்டம். 'கோலாலம்பூர்' கோ, லா, ல, ம், பூ, ர் என 6 கட்டம். புள்ளி வைத்த எழுத்தைப் பக்கத்து எழுத்தோடு ஒரே கட்டத்தில் அடைப்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்.

கணினி எண்ணிக்கையை நம்ப வேண்டாம். அது குறியீடுகளை எண்ணுகிறது. 'மரம்' அதற்கு 4, 'கோலாலம்பூர்' 11. விரிதாளில் கட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

4. முதல் பத்து நிமிடம் பேச்சில்லை

எல்லாரும் எல்லாக் குறிப்புகளையும் ஒருமுறை வாசியுங்கள். விடை தெரிந்தாலும் சொல்லக் கூடாது, குறிப்பின் ஓரத்தில் ஒரு கோடு போட்டால் போதும்.

மெதுவாக யோசிப்பவருக்கு ஒரு பிடி கிடைக்கும் முன்பே வேகமானவர் எட்டு விடைகளைக் கொட்டிவிட்டால், மீதி நேரம் அவர் ஒருவர்தான் ஆடுவார். குழுக்கள் கலைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

5. குறிப்பை எங்கே வெட்டுவது

ஒழுங்காக எழுதிய குறிப்பில் இரண்டு பாதி உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள், மற்றது அந்த விடையைக் கட்டும் சொல்விளையாட்டு. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும், நடுவில் நிற்காது. ஆகவே முதல் கேள்வி 'விடை என்ன' என்பதல்ல, 'எங்கே வெட்டுவது' என்பதே.

ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பல்லிடுக்கில் கரும்பின் தொடக்கம், சூரியன் இருக்கும் வேளை (3)

கதையாக வாசித்தால் கரும்பு கடித்தவரின் அவஸ்தை. அந்தக் கதையை மறந்துவிடுங்கள். பின்பாதி 'சூரியன் இருக்கும் வேளை' நேர்ப்பொருளாக நிற்கலாம். அப்படியானால் முன்பாதி கட்டுமானம். 'கரும்பின் தொடக்கம்' க. அதைப் 'பல்' இடுக்கில் வை: ப, க, ல். விடை 'பகல்'.

இப்போது தவறு நடக்கும் விதத்தைப் பாருங்கள். மூன்று எழுத்து, சூரியன் இருக்கும் வேளை என்றதும் ஒருவர் 'பொழுது' என்று கத்துவார். எண்ணிக்கை பொருந்துகிறது, பொருளும் ஏறக்குறையப் பொருந்துகிறது. பென்சில்காரர் எழுதிவிடுவார். ஆனால் இரண்டாம் கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல் இறங்குகிறது என்றால் அது 'ழு'வில் தொடங்க வேண்டும். தமிழில் அப்படி ஒரு சொல் இல்லை. சரியான விடையில் அந்தக் கட்டம் 'க'. அதிலிருந்து இறங்கும் குறிப்பு இது:

கடலின் தலையில் மீனவன் விரித்தது மனத்தை அரிக்கும் (3)

கடலின் தலை க, மீனவன் விரித்தது வலை. விடை 'கவலை'.

இதிலிருந்துதான் குழுவின் ஒரே கட்டாய விதி வருகிறது: விடை சொல்பவர் காரணத்தையும் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல முடியாத விடை கட்டத்துக்குள் போகாது, வெற்றுத்தாளில் காத்திருக்கும். வேகமானவரும் மெதுவானவரும் ஒரே மேசையில் நெடுநாள் உட்கார இந்த விதி போதும். காரணத்தைச் சொல்லும்போது மற்றவர்கள் முறையைக் கற்கிறார்கள். விடையை மட்டும் சொன்னால் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு சொல், அவ்வளவுதான்.

6. கருவிகளை அடையாளம் காணுங்கள்

சொல்விளையாட்டு எந்த வகை என்பதைக் காட்டிக்கொடுக்கும் சொல் ஒன்று குறிப்பில் இருக்கும்.

எழுத்துக் கலைப்பு: குழம்பிய, சிதறிய, உடைந்த, ஆடிய போன்ற சொற்கள். 'பாவிகள் சேருமிடம் குழம்பிய நகரம் (4)'. நகரத்தின் எழுத்துகளைக் கலைத்தால் 'நரகம்'. கலைக்க வேண்டிய எழுத்துகள் குறிப்பிலேயே அப்படியே இருக்க வேண்டும். 'பட்டணம்' என்று எழுதிவிட்டு நகரத்தைக் கலைக்கச் சொல்வது நியாயமில்லை. ஆகவே, கலைக்கும் சொல்லைப் பார்த்ததும் அதன் இரு பக்கமும் விடையின் எண்ணிக்கைக்குச் சமமான எழுத்து எங்கே இருக்கிறது என்று எண்ணுங்கள்.

கலைப்பை மூளையில் செய்யாதீர்கள். எழுத்துகளை வட்டமாக எழுதி, மெய்யைத் தனியே எடுங்கள். நான்கு எழுத்துக்கு 24 வரிசை உண்டு. ஆனால் 'ம்' சொல்லின் தொடக்கத்தில் வராது, க, ர, ந மூன்றுக்கும் முன்னாலும் நிற்காது. கடைசிக் கட்டம்தான் அதற்கு. மிச்சம் 6 வரிசை. அவற்றில் சொல்லாக நிற்பவை நகரம், நரகம் இரண்டே.

ஒளிவு: உள்ளே, மறைந்த, ஒரு பகுதி. 'வந்தவளை உள்ளே பார்த்தால் மழையில் கத்துவது (3)'. வந்'தவளை'. வாசிப்பவர் சொல்லுக்குச் சொல் நிறுத்தினால் இது காதுக்குத் தப்பிவிடும். ஒளிவு என்ற சந்தேகம் வந்தால் தாளைக் கண்ணால் பாருங்கள்.

வெட்டு: தலையிழந்த, வால் போன, இடையற்ற. 'தலையிழந்த கவிதை மண்ணில் முளைக்கும் (2)'. விடை 'விதை'.

திருப்பம்: திரும்பிய, பின்னோக்கி. 'திரும்பி வந்த தாரா கண்ணனின் காதலி (2)'. எழுத்தெழுத்தாகத் திருப்ப வேண்டும், ஒலியாக அல்ல: தா, ரா என்பது ரா, தா.

சிலேடை: இதற்கு அடையாளச் சொல்லே இருக்காது. 'கிள்ளானில் ஓடும் எண் (2)' என்றால் 'ஆறு'. குறிப்பு மிகச் சின்னதாக இருந்தால் முதலில் சிலேடையைச் சந்தேகியுங்கள்.

ஓசை: 'அடுப்பில் எரிவது காதில் விழுந்தால் சோற்றுக்குத் துணை (2)'. கரி எரிகிறது, காதில் 'கறி'. இந்த வகையில் எந்த எழுத்து கட்டத்தில் விழும் என்பதை நேர்ப்பொருள்தான் தீர்மானிக்கும். ர, ற மட்டுமல்ல, ல, ள, ழ குழப்பமும் இங்கே வரும். எழுதும் முன் அகராதி பார்ப்பவர் ஒரு சொல் சொல்லட்டும்.

7. சின்னத் துண்டுகளின் பட்டியல்

ஆங்கிலப் புதிர் சுருக்கெழுத்துகளை நம்பி ஓடும். தமிழில் அந்த வேலையைச் செய்வது ஓரெழுத்து ஒருமொழி. நன்னூல் 42 சொல்கிறது. புதிருக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு மனப்பாடமாக இருந்தால் போதும்: ஆ பசு, ஈ பூச்சி அல்லது கொடு, ஏ அம்பு, கா சோலை, கோ அரசன், தீ நெருப்பு, தை மாதம், நா நாக்கு, பா பாட்டு, மா மாமரம் அல்லது பெரிய, மை எழுத உதவுவது, வீ மலர். 'தே' என்றால் நூல்வழக்கில் தெய்வம். மேசையில் இருப்பவருக்கு முதலில் குவளைதான் நினைவுக்கு வரும், ஆனால் தமிழ்நாட்டில் புதிர் அமைப்பவருக்கு நம் தே தெரியாது.

அடுத்து ஏழு சுரங்கள்: ச, ரி, க, ம, ப, த, நி. 'முதல் இரண்டு சுரங்கள் தப்பில்லை (2)' என்றால் 'சரி'. சுரம், ஸ்வரம், பாடகர் தொடங்குவது என்றெல்லாம் இவை வேடம் போட்டு வரும்.

மூன்றாவது தமிழ் எண்கள். 1 க, 2 உ, 7 எ, 8 அ, கால் வ. 'எட்டேகால் லட்சணம்' என்ற பழைய வசவு நிற்பது இந்தக் கணக்கில்தான்: எட்டு அ, கால் வ, சேர்த்தால் 'அவலட்சணம்'. குறிப்பில் காரணமில்லாமல் ஓர் எண் வந்து உட்கார்ந்தால் இதை முயலுங்கள்.

இந்தப் பட்டியலை ஒரு அட்டையில் எழுதி மேசை நடுவில் வைத்தால் புதியவர் முதல் நாளிலேயே வாய் திறப்பார்.

8. ஒற்றெழுத்தைக் கவனியுங்கள்

வேறு மொழிப் புதிரில் பழகி வந்தவர்கள் தவறவிடுவது இதைத்தான். இதைப் பாருங்கள்:

பூச்சி உப்பு மையத்துக்குச் செல், பேராக்கின் தலைநகர் வரும் (3)

பூச்சி ஈ, செல் போ. ஈயும் போவும் சேர்த்து 'ஈப்போ' என்று அவசரமாக எழுதுவார்கள். நடுவில் உள்ள 'ப்' எங்கிருந்து வந்தது? 'உப்பு' என்ற சொல்லின் மையத்திலிருந்து. ஒவ்வொரு கட்டத்துக்கும் குறிப்பில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். புணர்ச்சியில் தானாக வந்த ஒற்று என்று சமாதானம் சொன்னால், பாதி நேரம் தவறான விடைக்கு வழி விடுகிறீர்கள். சில அமைப்பாளர்கள் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வது உண்மை. அது யார் என்று தெரியும்வரை எடுக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒற்றை ஒழுங்காகப் போடும் அமைப்பாளர் ஓரிடத்தில் விட்டிருந்தால் அது அச்சுப்பிழை ஆகாது, துப்பு. 'பயிர் வாட கைவிட்டதில் ஒளிந்திருப்பது வீட்டுக்காரருக்கு மாதாமாதம் போகும் (3)'. முறைப்படி 'வாடக் கைவிட்டதில்' என்றுதான் வர வேண்டும். க் இல்லாத அந்த இடைவெளியில் உட்கார்ந்திருப்பது 'வாடகை'.

9. கட்டமே சொல்லும் செய்திகள்

தமிழில் 247 எழுத்து இருப்பதால் குறுக்கே வரும் சொல்லிலிருந்து ஓர் எழுத்து கிடைத்தாலே மெய்யும் உயிரும் சேர்ந்து தெரிந்துவிடும். ஒன்றும் கிடைக்காத போதும் கட்டம் பேசும்.

எண் போட்ட ஒவ்வொரு கட்டமும் ஒரு சொல்லின் தொடக்கம். தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது. ஆகவே எண் போட்ட கட்டத்தில் புள்ளி எழுத்து வராது. கிடைச் சொல்லின் (இடமிருந்து வலம் போவது) நடுவில் எண் இருந்தால் அங்கே உயிர்மெய்தான் என்று எழுதாமலே தெரிந்துகொள்ளலாம்.

க், ச், த், ப் விழுந்தால் அடுத்த கட்டம் அதே வரிசை: க்-கு அடுத்து க, கா, கி என ஏதோ ஒன்று. ங்-கு அடுத்து க வரிசை, 'அங்ஙனம்' போன்ற அரிய சொற்கள் விலக்கு. சொல்லின் கடைசிக் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் ஆறும் வராது. 'சக்தி', 'சப்தம்' மாதிரி வடசொல்லும் 'பேங்க்' மாதிரி ஆங்கிலச் சொல்லும் இவற்றை மீறும். அதனால் இவை கதவைச் சாத்தும் விதிகள் அல்ல, முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று காட்டுபவை.

பென்சில்காரர் இவற்றை அடிக்கடி உரக்கச் சொல்ல வேண்டும்: '7 கிடையில் மூன்றாவது ப், நான்காவது ப வரிசை.' வேறொன்றும் வேண்டாம், பாதி விடைகள் இந்த ஒரு வாக்கியத்தில் விழும்.

10. எந்த வரிசையில் தீர்ப்பது

முதல் சுற்றில் ஒளிவும் கலைப்பும் மட்டும். அவற்றின் எழுத்துகள் தாளிலேயே இருப்பதால் விடை வந்தால் சந்தேகமே இருக்காது. இரண்டாம் சுற்றில் அவற்றைத் தொட்டுச் செல்லும் சொற்கள். கட்டத்தின் ஒரு மூலையை முழுமையாக முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போங்கள். நாலு மூலையிலும் ஒவ்வொன்று என்று தூவினால் எதற்கும் குறுக்கு கிடைக்காது.

ஒரு குறிப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். சிலேடைகளைக் கடைசிக்கு விடுங்கள். குறுக்கே வரும் எழுத்து இல்லாமல் சிலேடையைத் துரத்துவது இருட்டில் ஊசி தேடுவது.

மூலை அடைபட்டால் அங்கே ஒரு விடை தவறு. மொத்தத்தையும் அழிக்காதீர்கள். காரணம் மிகப் பலவீனமாக இருந்த விடை எது என்று கேட்டு அதை மட்டும் எடுங்கள்.

11. ஆங்கிலப் புதிரும் சேர்ந்தால்

ஒரு தமிழ்ப் புதிர் முடித்த மேசை 'த ஹிந்து' அல்லது 'கார்டியன்' புதிருக்கும் தயாராக இருக்கும். இரண்டிலும் வழக்கமான கட்டம் 15க்கு 15. கார்டியனில் திங்கட்கிழமைப் புதிர் பொதுவாக எளிது, புதியவர் அதில் தொடங்கட்டும். அது இணையத்தில் வெளியாகும் லண்டன் நள்ளிரவு நமக்குக் காலை 7 அல்லது 8 மணி, அங்கே கோடையா குளிர்காலமா என்பதைப் பொறுத்து.

இங்கே தடுக்குவது சொல்லறிவைவிடப் பிரிட்டிஷ் வழக்குதான்: கிரிக்கெட் சொற்கள், ராணுவப் பதவிகள், ஆறுகளின் பெயர்கள். ஒரு பொதுக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அதே சுருக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். சனிக்கிழமைப் பரிசுப் புதிர் என்றால் முடிவுத்தேதி தாண்டும்வரை விடையைக் குழுவுக்கு வெளியே பகிர வேண்டாம்.

12. மிச்சத்தை வாட்ஸ்அப்பில் முடிப்பது

இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் உட்கார்ந்தால் ஊகங்கள் பெருகும். மிஞ்சிய குறிப்புகளைப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள்.

அங்கே உதவி மூன்று படியாகத்தான் போக வேண்டும். முதல் நாள், நேர்ப்பொருள் எந்த முனையில் என்று மட்டும். அடுத்த நாள், எந்தக் கருவி என்று. அதன் பிறகும் முடியவில்லை என்றால் ஓர் எழுத்து. விடையை யாராவது எழுதியே தீர வேண்டும் என்றால் மேலே இருபது முப்பது வெற்று வரி விடுங்கள். பார்க்க விரும்புபவர் மட்டும் கீழே நகர்த்திப் பார்ப்பார்.

காரணம் முழுதாகப் புரியாமல் வெற்றுத்தாளில் காத்திருக்கும் விடைகளின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அதிகாரபூர்வ விடை வெளிவந்ததும் எல்லா விடையையும் சரிபார்க்க வேண்டாம், புள்ளி வைத்தவற்றை மட்டும் எடுத்து, எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். புதிதாகத் தெரிந்த துண்டுகள் மேசை நடுவிலிருக்கும் அந்த அட்டைக்குப் போகட்டும்.